இருபத்து நான்கு மணி முப்பத்தொரு நிமிடம்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, எச்சில் சேகரித்தது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கினோம். மணிக்கு ஒரு முறை அவர் ஒரு பஞ்சுச் சுருளை மெல்லுவார். நான் அதைக் குப்பியில் போட்டு, நேரம் எழுதி, ஃப்ரீசரில் ப்ளூபெர்ரிப் பைக்குப் பக்கத்தில் வைப்பேன்.

"வெளிச்சம் கம்மியா இருக்கணும்னு போட்டிருக்கு அப்பா."

"யாருக்கு? எனக்கா?"

"எனக்குத்தான். உங்க மூஞ்சியப் பாக்காம இருக்க."

"சும்மா இரு ஐலா. பஞ்சுல உப்பு கம்மி."

அப்பாவின் பெயர் ரெய்னோ கங்காஸ். மினசோட்டாவின் வடக்கே, எங்கள் இரும்புச் சுரங்க ஊரின் நீதிமன்றக் கட்டடத்தில், கீழ்த்தளத்துக் காபிக்கடை அவருடையது. பார்வையற்றவர்களுக்கென்று அரசு ஒதுக்கும் கடை. இருபத்திரண்டு ஆண்டுகள் நடத்தினார்.

இருபத்தொன்பது வயதில் தாது ஆலையில் காரக் கரைசல் முகத்தில் தெறித்துப் பார்வை போயிற்று. அதற்குப் பிறகும் பன்னிரண்டு ஆண்டுகள் அலாரம் இல்லாமல் ஐந்து மணிக்கு எழுந்தார். பிறகு கண்களில் வலி தாங்க முடியாமல் போனது. "பாக்காத கண்ண வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க?" என்று மருத்துவர் கேட்டார். இரண்டையும் எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கண் வைத்தார்கள். அந்த ஆண்டிலிருந்துதான் தூக்கம் கெட்டது. கண் எடுத்ததையும் தூக்கம் கெட்டதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நானும்தான். எனக்கு அப்போது பதினோரு வயது.

இலைக்கும் கோழிக்கும் மனிதனுக்கும் உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது சரியாக இருபத்து நான்கு மணி நேரம் ஓடுவதில்லை. நம்மில் பெரும்பாலோருக்குக் கொஞ்சம் தாமதம். காலை வெளிச்சம் அதைத் தினமும் திருத்தி வைக்கிறது. அந்த வெளிச்சம் நுழையும் ஒரே வழி கண். பார்வை போன கண்ணிலும் அந்த வழி திறந்திருக்கலாம். அப்பாவுக்குத் திறந்திருந்தது. அதைத்தான் பிடுங்கி எறிந்தார்கள்.

அவருடைய நாள் இருபத்து நான்கு மணி முப்பத்தொரு நிமிடம். தினமும் அரை மணி தள்ளிப் போகும். ஒன்றரை மாதத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கு வரும். அதில் இரண்டு வாரம் ஊரோடு ஒத்துப்போவார். மீதி நாட்களில் நின்றுகொண்டே தூங்குவார்.

நீதிமன்றக் காவலர் மிலனுக்கு இது தினசரி விளையாட்டு.

"என்ன ரெய்னோ, இன்னைக்கு எந்த ஊர்ல இருக்கே?"

"ஹொனலூலு தாண்டியாச்சு. காபி வேணுமா, இளநீர் வேணுமா?"

ஊர் மருத்துவர்கள் தூக்க மாத்திரை தந்தார்கள். காபியைக் குறைக்கச் சொன்னார்கள், காபிக்கடைக்காரரிடம்.

போன ஆண்டு கடையை மூன்று முறை தாமதமாகத் திறந்தார். ஏழரைக்குத் திறக்க வேண்டும் என்பது விதி. விசாரணைக்குக் கடிதம் வந்தது: நவம்பர், காலை பத்து மணி. இயந்திரங்களின் அதிர்வை அளப்பது என் தொழில். அவர் போனில் சொல்லி நான் குறித்து வைத்த தூக்க நேரங்களை வரைபடமாகப் போட்டேன்; அந்த முப்பத்தொரு நிமிடம் அதில்தான் தெரிந்தது. விசாரணை நாளில் பத்து மணி என்பது அவர் உடம்புக்கு அதிகாலை மூன்று. சிட்னி நேரம்.

"தேதிய மூணு வாரம் தள்ளச் சொல்லலாம் அப்பா."

"தூக்கம் வருது, அப்புறமா வரேன்னு சொல்லணுமா? மானம் போயிடும்."

"இது சோம்பேறித்தனம் இல்ல. கணக்கு!"

"உன் கணக்கு உனக்குப் புரியும். அவங்களுக்கு நான் தூங்குமூஞ்சி. அவ்வளவுதான்."

அவருக்குத் தெரியாமல் தேதியை மாற்றக் கேட்டு எழுதினேன். 'காலையில் எழச் சிரமப்படுவது எல்லோருக்கும் உள்ளதே' என்று பதில் வந்தது.

விசாரணையில் மூன்றாவது கேள்விக்கு நடுவில் அப்பாவின் தலை சாய்ந்தது. தோளைத் தொட்டு எழுப்பினேன். அதிகாரி பேனாவை எடுத்து எழுதியதைப் பார்த்தேன். டிசம்பரில் உத்தரவு வந்தபோது அந்த வரியும் அதில் இருந்தது: 'தம் கடையில் அக்கறையற்றவர்.' கடை போயிற்று. அவர் உத்தரவை என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். அந்த ஒரு வரியை மூன்றாம் முறையும்.

அதற்குப் பிறகுதான் நகரத்துத் தூக்க மருத்துவரிடம் வரச் சம்மதித்தார். கண் எடுத்த கதையைக் கேட்டதும் அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டாள். "இத்தனை வருஷம் யாருமே சொல்லலையா?" என்றாள். எச்சிலில் ஊறும் இரவு ஹார்மோனை ஒரு நாள் அளக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்தால் எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். அந்த அறிக்கை இருந்தால் உத்தரவை எதிர்த்து நாங்கள் போட்ட மேல்முறையீடு எடுபடும். தினமும் ஒரே நேரத்தில் விழுங்க ஒரு மாத்திரையும் உண்டாம். கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிறுத்துமாம்.

முதல் தொகுதி ஜனவரியில் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நாங்கள் அந்தச் சனிக்கிழமை சேகரித்தது இரண்டாவது. ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கடைசிக் குப்பி.

"திங்கக்கிழமை வரைக்கும் இருந்து நானே தபால்ல போட்டுட்டுப் போறேன்."

"உனக்கு வேலை இல்லையா? நாலு தெரு. இருபத்திரண்டு வருஷம் அதே வழியிலதானே கடைக்குப் போனேன். என் கேஸு, நான் போடுறேன்."

ஞாயிறே கிளம்பிப் போனேன். என்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

திங்கள் காலை ஒன்பதரைக்குப் பக்கத்து வீட்டு எல்மா அவரைப் பார்த்தாள். வாசல் பெஞ்சில் சரிந்திருந்தார். கோட்டு போட்டிருந்தார். ஒரு காலில் பூட்ஸ், இன்னொரு காலில் சாக்ஸ் மட்டும். இதயம் என்றார்கள்.

மேல்முறையீட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மனுதாரர் இறந்துவிட்டதால் கோப்பை மூடிவிட்டார்களாம்.

"கடை வேணாம். அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்க."

"அதுக்குப் படிவம் இல்லம்மா."

பெட்டி ஃப்ரீசரில் இருக்கிறது. இருபத்தைந்து குப்பிகள். முகவரிச் சீட்டு ஒட்டியாயிற்று. தபால்காரர் கேட்டால் காட்ட, 'மருத்துவ மாதிரி, உருகக்கூடாது' என்ற அட்டையை அப்பா நூலில் கோத்து, முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். தபாலாபீஸ் நாலு தெரு தள்ளி. ஐந்து மணிவரை திறந்திருக்கும்.