ஏசிய அன்ரியின் வோட்டு

சில வருடங்களுக்கு முன், நகரசபைத் தேர்தல் நேரம், கனடாவில், ஸ்காபரோவின் அஜின்கோர்ட்டில் நடந்தது இது. எங்கள் பகுதிக் கவுன்சிலர் ஒரு வெள்ளைக்காரர். பல தேர்தல்களைத் தொடர்ந்து வென்றவர். தமிழர் வீட்டு அரங்கேற்றம், கோயில் திருவிழா என்று எங்கே பார்த்தாலும் வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் இருப்பார். ஆனால் அந்த முறை ஓர் இளம் நர்ஸ் அவரை எதிர்த்து நின்றாள். வாரத்துக்கு வாரம் அவளுடைய பெயர்ப்பலகைகள் வீட்டு முற்றங்களில் கூடிக்கொண்டே போயின.

நான் அவருக்காக வீடு வீடாகப் போன தொண்டர்களில் ஒருத்தி. எங்கள் தெருவுக்கு நடைபாதை போட வைத்தவர் அவர்; அந்த நன்றி எனக்கு இருந்தது. தேர்தல் அலுவலகத்திலோ, தமிழ் வீடுகள் எல்லாம் நமக்குத்தான் என்று ஒரே துள்ளல். போன இடமெல்லாம் 'ஓம், உங்களுக்குத்தான்' என்றார்களாம், வடையும் தந்தார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது.

"எங்கட ஆக்கள் வாசலுக்கு வந்த ஆளிட்ட 'இல்லை' எண்டு சொல்லுவினமோ? பிடிக்காத சம்பந்தத்துக்கே பலகாரம் குடுத்து, 'யோசிச்சுச் சொல்லுறம்' எண்டுதானே அனுப்புறவை!"

பக்கத்தில் நின்ற பையன் இதை ஆங்கிலத்தில் சொன்னதும் கவுன்சிலரின் முகம் சுருங்கிவிட்டது. தோற்றுவிடுவோமோ என்ற பயம் அவருக்கு முதன்முதலாக வந்தது அப்போதுதான். எனக்கு ஏச்சு விழுந்த ஒரு வீடு இருக்கிறது, அங்கே என்னோடு வாருங்கள் என்றேன்.

அது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஆறாம் மாடி. லிப்ட் பழுதாகி மாதக்கணக்கு. மனிதர் மூச்சு வாங்க வாங்கப் படியேறி வந்தார். கதவைத் திறந்த அன்ரி அவரை உள்ளே கூப்பிடவே இல்லை.

"போட்டோ எடுக்க எல்லா இடமும் போறீங்கள். நாங்கள் முழங்கால் நோவோட ஏறி இறங்கிறம். ஒருக்கா எட்டிப் பாத்தனீங்களோ?"

தமிழ் பாதி, ஆங்கிலம் பாதியாக வெளுத்து வாங்கினார். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ரசித்தும் செய்தேன். கவுன்சிலர் வாதாடவில்லை. தன் பிழைதான் என்றார். அங்கேயே நின்று நகரசபைக்குப் போன் போட்டார். அதன் பிறகு லிப்ட் திருத்தும் வரை விடாமல் அலைந்தார். அன்றைக்கு ஒரு மிடறு தண்ணீர்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. என் நம்பரை மட்டும் அன்ரியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

"இந்த வோட்டு உங்களுக்குத்தான்," என்று படியிறங்கும்போது சொன்னேன். எனக்குப் பைத்தியமோ என்பதுபோலப் பார்த்தார்.

தேர்தலன்று காலை என் போன் அடித்தது.

"பிள்ளை, வோட்டுப் போட எங்களை ஏத்திக்கொண்டு போவியோ?"

அயல் வீட்டுக்காரர்கள் மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டு வாசலில் நின்றார் அன்ரி. காரில் ஏறியும் வாய் ஓயவில்லை. "உவர் இனி எங்களை மறந்தால், அடுத்தமுறை நானே எதிர்த்து நிப்பன்!"

மிகக் கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில் கவுன்சிலர் தப்பினார். வடை தந்த வீடுகள் யாருக்குப் போட்டன என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இப்போதெல்லாம் என் மகள் முகத்துக்கு நேரே என்னோடு சண்டை பிடித்தால் நான் கவலைப்படுவதில்லை. நான் சொல்வதற்கெல்லாம் அவள் மரியாதையாக 'ஓம் அம்மா' என்று தலையாட்டினால்தான் எனக்கு நெஞ்சு பதறுகிறது.