பணம் வாங்கிய நேரம்

மஸ்கட்டில் ஒரு கிடங்கில் சரக்கு இருப்புப் பார்க்கும் வேலை எனக்கு. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஊருக்குப் பணம் அனுப்புவேன். முதல் தடவை கவுன்ட்டரில் இருந்தவர் கேட்டார்: வங்கிக் கணக்கிலா, ரொக்கமாகவா? என் மனைவிக்குக் கணக்கு இருந்தது. அதற்குக் கட்டணமும் குறைவு. நான் ரொக்கம் என்றேன்.

காரணத்தை இப்போதாவது எழுதிவிட வேண்டும். ரொக்கமாக அனுப்பினால், பெரிய காஞ்சிபுரத்தில் வெளிநாட்டுப் பணம் கொடுக்கும் கடையில் அவள் கையெழுத்துப் போட்டு வாங்கியதும் என் போனுக்குச் செய்தி வரும். அவள் வெளியே போன நேரம் எனக்குத் தெரிந்துவிடும். அதை ஊர் நேரத்துக்கு மாற்றி டைரியில் குறித்துவைப்பேன். அவள்மேல் ஒரு குறையும் கிடையாது. அவளிடம், "பேங்க்ல போட்டா நாலு நாள் ஆவும்" என்று சொல்லியிருந்தேன்.

மூன்றாம் ஆண்டு விடுப்பில் வந்தபோது அப்பா தறியில் இருந்தார். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக நெய்யும் கோர்வைப் புடவை. ஒரு பக்கத்துக் கரைக்கு, ஊடை நூல் சுமந்து ஓடும் நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் என் மனைவி.

"உன் பணம் வர்ற அன்னிக்கி எனக்கு லீவுப்பா" என்றார் அப்பா. "இவ கடையில வரிசையில நின்னுக்கினு இருப்பா, நான் இங்க கையக் கட்டிக்கினு குந்திக்கினு இருப்பேன். பேங்க்ல போட்டா ஆவாதா?"

"லேட்டாவுமாம் மாமா" என்றாள் அவள், நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவரு விசாரிக்காமயா அனுப்புவாரு?"

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் என் பெட்டியைப் பிரித்துத் துணி அடுக்கியவள் கையில் டைரி கிடைத்தது. நான் குளித்துவிட்டு வந்தபோது அதைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். பத்து நாற்பது, பத்து ஐம்பது, பதினொன்று ஐந்து. ஒரு வரியில் மட்டும் இரண்டு இருபது. பக்கத்தில் என் கையெழுத்தில், 'ஏன் இவ்வளவு நேரம்?'

அந்த வரியில் விரலை வைத்தபடி சொன்னாள்: "அன்னிக்கி தறியில பாவு நூல் நெறைய அறுந்துடுச்சிங்க. மாமாவும் நானும் முடிச்சுப் போட்டு முடிக்க மதியம் ஆயிடுச்சி. அதான்."

டைரியை மூடி, சட்டைகளுக்கு அடியில் வைத்தாள். கோபித்துக்கொள்ளவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மஸ்கட் திரும்பிய மாதமே வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. "வந்துடுச்சிங்க" என்றாள் போனில். பிறகு, நான் கேட்காமலே, "இப்போ மணி பதினொன்னு பத்து. தறியிலதான் இருக்கறேன்" என்றாள்.

இன்றுவரை ஒவ்வொரு மாதமும் நேரத்தைச் சேர்த்தே சொல்கிறாள்.