வங்காளமும் நோர்பரிப் பள்ளிக்கூடமும்

இப்போது கோர்ட்டில் வாதாடித்தான் பிழைக்கிறேன். ஆனால் என் முதல் வெற்றி பத்து வயதில், செத்துப்போன வைஸ்ராய் ஒருவருக்கு எதிராக. நம்பாதவர்கள் தெற்கு லண்டனில், நோர்பரியில் விசாரிக்கலாம்.

அங்கே ஒரு வாடகை மண்டபத்தில் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடந்தது. அப்பாதான் பொறுப்பாளர். அந்த வருடம் பெற்றோர்கள் ஒன்றுசேர்ந்து, பொறுப்பாளரை வாக்குப் போட்டுத் தெரிவுசெய்ய வேண்டுமென்று கடிதம் கொடுத்தார்கள். அடுத்த மாதமே அப்பா பள்ளிக்கூடத்தை இரண்டாக்கினார். பாதி நோர்பரி, பாதி குரோய்டன். கடிதத்துக்கு முன்னின்றவர்களின் பிள்ளைகள் எல்லாரும் குரோய்டன் பக்கம் போனார்கள். ஒரே வாங்குப் பலகையில் என் பக்கத்தில் இருந்த சிநேகிதியும் போனாள். அவள் இல்லாத வாங்கில் எனக்கு இருக்கவே பிடிக்கவில்லை. இரண்டு நாள் அழுதேன்.

“பிள்ளையள் கூடிப்போச்சு. ஒரு இடத்தில வச்சு நடத்த ஏலாது,” என்றார் அப்பா. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பிறகு இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகப் பேச்சுப்போட்டி வந்தது. எங்கள் ஆட்களின் வழக்கப்படி பேச்சை எழுதுவது பெற்றோர். பாடமாக்கி முழங்குவது பிள்ளை. எனக்கு எப்போதும் அப்பாதான் எழுதுவார். அந்த முறை அவருக்கு இரண்டு பள்ளிக்கூடத்து அலைச்சல்.

“நான் எழுதித் தாறன்,” என்றார் ஊரில் சரித்திரம் படிப்பித்த அம்மா. தலைப்பு, 1905இல் வைஸ்ராய் செய்த வங்காளப் பிரிவினை.

மேடையேறி வெளுத்து வாங்கினேன்.

“மாகாணம் பெரிது, ஆளுவது சிரமம் என்றார்கள். அப்படியென்றால், கேள்வி கேட்டவர்கள் ஒன்றாய் நின்ற இடத்தில் ஏன் வெட்டினார்கள்? பிரிந்து போகும் பகுதிக்கு நன்மை என்று ஏன் ஆசை காட்டினார்கள்? ஆறே வருடத்தில் அந்த எல்லைக்கோட்டை அவர்களே அழிக்க வேண்டி வந்தது.”

குரோய்டன் பெற்றோர் எழும்பி நின்று கைதட்டினார்கள். நோர்பரிப் பெற்றோரும் தட்டினார்கள். முதற்பரிசு எனக்கே. கிண்ணத்தைத் தந்த அப்பா படத்துக்குக்கூட நில்லாமல் மேடையை விட்டு இறங்கினார். பெருமை தாங்காமல் இறங்குகிறார் என்று நினைத்தேன்.

பொங்கல் கழியப் பள்ளிக்கூடம் மறுபடி ஒன்றானது. வாக்கெடுப்பும் நடந்தது. அப்பா தோற்றார். சிநேகிதி என் வாங்குக்குத் திரும்பி வந்தாள். எல்லாம் என் பேச்சால்தான் என்று அவளிடம் அளந்தேன்.

அம்மாவோடுதான் எனக்கு மனத்தாங்கல். போட்டியன்று, வரி மறந்தால் எடுத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லி முன்வரிசையில் இருந்தவர், நான் பேசி முடிக்கும்வரை ஒருக்காலும் என் பக்கம் திரும்பவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசினது நான், என்னைப் பார்க்காமல் அவரை ஏன் பார்த்தீர்கள் என்று, அன்று கிண்ணத்தை மடியில் வைத்தபடி வீடு வரும்வரை சண்டை பிடித்தேன்.