இருபத்திரண்டு வயதுச் சிப்பி

2000களின் நடுவில் ஒஸ்லோவில் ஓர் ஆய்வுக்கூடத்தைத் துப்புரவு செய்துவந்தேன். ஒருநாள் அங்கு வேலை செய்த தமிழ்நாட்டுப் பெண் உள்ளங்கை அகலச் சிப்பி ஒன்றின் வரிகளை எண்ணிக்கொண்டிருந்தார். குளிர்ந்த வடக்குக் கடல்களில் மட்டும் வாழும் விசிறிச் சிப்பியாம்.

“எங்கை பிடிச்சது?” என்று கேட்டேன்.

“போன வருஷம், பாட்ஸ்பியோர்ட் பக்கம். வருஷத்துக்கு ஒரு வரி. இதுக்கு இருபத்திரண்டு வயசு அண்ணா.”

நாட்டின் வடகோடியிலுள்ள அந்த ஊர் மீன் தொழிற்சாலையில் பத்து வருடம் மீன் வெட்டியவன் நான். நான் போய் இறங்குமுன்பே இது அந்தக் கடலடியில் இருந்திருக்கிறது.

“எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போனால் திரும்பப் பெருகுமோ?”

“ரொம்ப மெதுவாத்தான் வளரும். வடக்கே வாரி எடுத்த சில இடங்கள்ல இன்னும் பழையபடி வரலை.”

சிப்பியை என்னிடம் நீட்டினார். கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கினேன்.