முப்பத்தொன்றாம் வாசல்

"ஏழு, மக்நீல்" என்று கைபேசிக்குள் சொல்லிவிட்டு யோகராணி அன்ரி எட்டாவது வாசலுக்கு விரைகிறார். எங்கள் மொன்ட்ரியால்-நோர் தெருவில் ஏழாவது வீட்டில் இருப்பது ஒரு ஹெயிட்டிக் குடும்பம். படியில் நிற்கும் அம்மா "போன்ஜூர்" என்கிறார். அன்ரி கையை மட்டும் அசைக்கிறார். கால் நிற்காது.

மறுமுனையில் மார்கரெட், ஓய்வுபெற்ற ஆசிரியை. நோவா ஸ்கோஷியாவில் கிளென்பார் என்ற சின்ன நிலக்கரிச் சுரங்க ஊரின் வரலாற்றைத் திரட்டுகிறார். சுரங்கம் மூடி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. தொழிலாளர் இருந்த நாற்பது வீட்டு வரிசையையும் இடித்துவிட்டார்கள். எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று அந்த வெளியில் ஒரு பலகை நடப்போகிறார்கள். வரிசை முழுவதையும் சொல்லக்கூடியவர், நான்கு குளிர்காலம் அங்கே வீடு வீடாகப் பத்திரிகை போட்ட அன்ரிதான். திருகோணமலையிலிருந்து முதலில் வந்து இறங்கியது அந்த ஊரில்.

இருத்திவைத்துக் கேட்டால் ஒரு பெயரும் வராது. "கால் நடந்தாத்தான் பிள்ளை, வாய் வரும்" என்பார். தேநீர்கூட நடந்துதான் குடிப்பார். பஸ்ஸில் இடமிருந்தாலும் இருக்கமாட்டார். ஜான்-டலோன் சந்தைக்கு மரக்கறி தெரிந்தெடுக்கப் போகுமுன், காலையில் எங்கள் தெருவை கிளென்பார் ஆக்கிவிடுவார். ஒவ்வொரு நாளும் ஒன்றாம் வீட்டிலிருந்துதான் தொடக்கம். முதல் முப்பதையும் மார்கரெட் ஆறு தரம் கேட்டுவிட்டார்.

மேல்மாடியிலிருந்து கணவர் இரவிச்சந்திரன் கூப்பிடுகிறார். "இஞ்சரும், இண்டைக்கு எத்தினை வீடு கட்டினனீர்?"

"உங்களுக்கு அதிலை அறை இல்லை, உள்ளுக்குப் போங்கோ!"

ஒன்பதாவது வாசலில், கூட நடக்கும் என் பக்கம் திரும்புகிறார். "இதிலை லெப்லாங் கிழவன். இரவு வேலை முடிஞ்சு வந்து சப்பாத்தோடை வாசல்லையே நித்திரை. நெஞ்சிலை பேப்பரை வைச்சிட்டுப் போவன்."

ஒரு கிழமையாக முப்பத்தொன்றில் நிற்கிறது வேலை. மறதியால் அல்ல. அங்கே இருந்தவர்கள் தொம் ஹார்ட்லியும் மனைவி எலனும். ஆறு மாதம் நீண்ட வேலைநிறுத்தத்தின் நான்காம் மாதம், தொம் மட்டும் வேலைக்கென்று சுரங்கத்துக்குள் இறங்கினார். அடுத்த நாளே பத்திரிகை முகவர் அந்த வீட்டுக்குப் போடவேண்டாம் என்றார். அன்ரியின் பத்திரிகைக் கட்டில் தினமும் ஒரு பிரதி மிஞ்சியது.

"அந்தப் பேப்பராலைதான் நான் அடுப்பு மூட்டினனான்" என்கிறார் அன்ரி, நடையைக் குறைக்காமல். "என்ரை காலிலை கிடந்த பனிச்சப்பாத்து ஆர் தந்தது? அந்த எலன். அதைப் போட்டுக்கொண்டே அவவின்ரை வாசலைக் கடந்து போனனான்."

பலகைக் குழுவில் பழைய தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கோபம் ஆறவில்லை. முப்பத்தொன்று வெறும் வீடு என்று எழுதச் சொல்கிறார்கள். அப்படியானால் மிச்ச ஒன்பது பெயரையும் சொல்லமாட்டேன் என்று அன்ரி மறுத்துவிட்டார்.

"அந்த ஒன்பது வீட்டுச் சனம் என்ன பிழை செய்தது அன்ரி?" என்று கேட்டேன்.

"ஒண்டும் செய்யேல்லை. ஆறு மாதம் அரைவயிறு. எனக்குத் தெரியாதே? ஆனா ஆள் இருந்த வீட்டை வெறும் வீடு எண்டு எழுதேலாது."

இன்று முப்பதாவது வாசலில் மார்கரெட் நீளமாகப் பேசினார். அன்ரி ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். "ஹார்ட்லியின்ரை பேர் போடினமாம். அதாலை ரெண்டு பேர் பலகை நடுற அண்டைக்கு வரமாட்டினமாம். அவை வராட்டி நான் வாறன் எண்டன்." அந்த ஊரை விட்டு வந்தபின் அவர் அங்கே போனதே இல்லை.

முப்பத்தொன்றாவது வீட்டுப் படியடியில் விளம்பரத் தாள் ஒன்று ஈரத்தில் கிடந்தது. அன்ரி அதை எடுத்து உதறி, இறுக்கிச் சுருட்டினார். மூன்று படி ஏறினார். கதவிலுள்ள தபால் துவாரத்துக்குள் தள்ளினார். துவாரத்தின் மூடித் தகடு ஆடி அடங்கும்வரை அங்கேயே நின்றார். கைபேசியில் மார்கரெட் முப்பத்திரண்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.