சேலைக்கு ஏற்ற பம்பு

பிள்ளைகளே, உங்கள் அக்கா தெல்தோட்டைப் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டியில் போகத் தொடங்கியபோது, வழியில் டயரில் காற்று இறங்கினால் தனியாக என்ன செய்வாளோ என்று பயந்தேன். கண்டிக் கடையொன்றில் காலால் மிதிக்கும் பம்பை எடுத்து, கூட வந்த அவளுக்கு மிதித்தும் காட்டினேன்.

அக்கா சிரித்துவிட்டாள். "நீங்க சாரத்தை மடிச்சுக் கட்டிக்கிட்டு மிதிப்பீங்கப்பா. நான் டீச்சர். சேலையோட நடுரோட்டுல குதிக்கவா?"

கடைக்காரர் பேட்டரி பம்பை நீட்டினார். "பட்டனை அமத்தினா தானா ஊதும், மகள்."

"இவ போனுக்கே சார்ஜ் போட மறக்கிறவளாச்சே!" என்றேன். ஆனாலும் அதையே வாங்கினோம்.

சாயங்காலம் அவள் முன்னறையில் மாணவர்களின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குத் தெரியாமல் உள்ளே போய், அவள் பையிலிருந்த பம்பை எடுத்துச் சார்ஜில் போட்டேன். பச்சை விளக்கு எரிந்ததும் திரும்பவும் பையிலேயே வைத்தேன்.