யஞ்சிமா காட்டாத ஏரி

"நாயைப் பிடிங்க!" என்று லுவ்சான் வேனுக்குள் இருந்தபடியே கத்தினான். கூடாரத்தின் புகைக்குழாயில் புகை வந்துகொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. யாரும் வெளியே வரவில்லை. நாய் வேனைச் சுற்றி ஓடி, முன் சக்கரத்தைக் கடிக்கப் பார்த்தது.

"வீட்டுல ஆள் இல்ல போல" என்றான் லுவ்சான்.

ஆள் இருந்தாள். விறகு அடுக்குக்குப் பின்னால் யஞ்சிமாவின் நீல அங்கி தெரிந்தது. அவள் முதலில் வேனின் எண்ணைப் பார்த்தாள். பிறகு கூரைமேல் கட்டியிருந்த சாமான்களைப் பார்த்தாள். ஆட்களைக் கடைசியில்தான் பார்த்தாள். நான் இறங்கி நின்ற பிறகே வந்து நாயின் கழுத்தைப் பிடித்தாள்.

கோடையில் பறவை பார்க்க வருபவர்களை லுவ்சான் தலைநகரத்திலிருந்து எங்கள் வடக்குப் பக்கம் அழைத்து வருவான். வண்டி ஓட்டுவதும் வழிகாட்டுவதும் அவன், சமைப்பது நான். யஞ்சிமாவும் நானும் ஒரே பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்கள். என்னைவிட மூத்தவள். அவளைப் பற்றி ஊரில் நிறையக் கதை உண்டு. கால்நடை மருத்துவர் ஊசி போட வந்தால், மருந்துப் புட்டியை வாங்கி முகர்ந்து பார்த்த பிறகுதான் மாட்டைப் பிடித்துக் கொடுப்பாளாம். கணவர் கொம்போ கட்டிய சேணத்தை அவிழ்த்து மறுபடி கட்டித்தான் ஏறுவாளாம். இரண்டும் உண்மை. நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவள் எப்போதும் அப்படி இருக்கவில்லை. சில வருடங்களுக்கு முன்பு நகரத்திலிருந்து சிலர் வந்தார்கள். மூன்று கால் வைத்த ஒரு கருவி அவர்களிடம் இருந்தது. சாலைக்கு அளக்கிறோம் என்றார்கள். யஞ்சிமாவும் கொம்போவும் ஆடு அறுத்துச் சோறு போட்டு, குதிரை கொடுத்து, பக்கத்துப் பள்ளத்தாக்கு முழுவதையும் சுற்றிக் காட்டினார்கள். அடுத்த வசந்தத்தில் அங்கே சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகள் நின்றன. பிறகு இயந்திரங்கள் வந்தன. தங்கம் கழுவிய சேற்றுத் தண்ணீர் ஓடையில் இறங்கியது. கொம்போவின் அண்ணன் குடும்பம் மாடுகளை ஓட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டது. இப்போது மிச்சம் இருப்பது யஞ்சிமாவின் கோடை மேய்ச்சல் நிலமும், அதற்குப் பின்னால் காட்டுச் சதுப்பில் இருக்கும் ஓர் ஏரியும்தான். அவளுடைய யாக் மாடுகள் குடிக்கும் தண்ணீர் அந்த ஏரியிலிருந்து வருகிறது. வேறு தண்ணீர் கிடையாது.

லுவ்சான் வந்தது அந்த ஏரிக்காக. அங்கே வெள்ளைக் கழுத்தும் சாம்பல் உடம்புமாக ஒரு ஜோடிப் பெருங்கொக்கு முட்டை வைத்திருப்பதாக யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். அந்தக் கொக்கு கூடு கட்டுவதைப் பார்த்தவர்கள் உலகத்திலேயே குறைவு என்பான்.

யஞ்சிமா உப்புப் பால் தேநீர் ஊற்றினாள். பாலேடும் பொரித்த மாவுத் துண்டுகளும் வைத்தாள். "கோடை நல்லா போகுதா? புல்லு எப்படி?" என்று முறைப்படி கேட்டாள். எதற்கு வந்தீர்கள் என்று தேநீர் முடிவதற்கு முன் கேட்கக் கூடாது. அவளும் கேட்கவில்லை. கண்கள் மட்டும் விருந்தாளிகளின் காலணியிலிருந்து தொப்பிவரை போய்வந்தன.

விருந்தாளிகள் ஒரு கணவனும் மனைவியும். எங்கோ மேற்கே கடல் மட்டத்துக்கும் தாழ்வான நாட்டிலிருந்து வந்தவர்கள். வில்லெம் நெட்டையானவர், பொறுமை இல்லாதவர். மரைக்கே அதிகம் பேச மாட்டாள். தேநீர்க் கிண்ணம் காலியாவதற்குள் வில்லெம் எழுந்து வெளியே போனார். வேனிலிருந்து தொலைநோக்கியை இறக்கி, மூன்று காலையும் விரித்துப் புல்லில் ஊன்றி, காட்டைப் பார்த்துக் குனிந்தார்.

யஞ்சிமாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது.

"அடியே, வந்து மாவு பிசை" என்று என்னை அடுப்புப் பக்கம் இழுத்தாள். மாவு ஏற்கெனவே பிசைந்துதான் இருந்தது. "அந்த மூணு கால் மறுபடியும் வந்திருக்கு. நீயே கூட்டிட்டு வந்திருக்க."

"அக்கா, அது பறவை பாக்கறதுக்கு. அவங்க பறவை பாக்கத்தான் வந்திருக்காங்க."

"சுடறதுக்கா?"

"இல்ல."

"புடிச்சு விக்கறதுக்கா?"

"இல்லக்கா. சும்மா பாக்கறதுக்கு."

"சும்மா பாக்கறதுக்கு ஆகாயக் கப்பல்ல ஏறி, இந்த வேன்ல இடுப்பு ஒடிஞ்சு, கொசுக்கடி வாங்கிட்டு யாராவது வருவாங்களா? உன்னை ஏமாத்தறது ரொம்பச் சுலபம்டி. இந்த ஏரியும் போச்சுன்னா நான் மாட்டுக்கு என் கண்ணீரையா குடிக்கக் குடுப்பேன்?"

லுவ்சான் குதிரைகள் கேட்டபோது, "ஏரியில இப்ப பறவையே இல்ல" என்றாள். அவன் கெஞ்சினான். பிறகு என்ன நினைத்தாளோ, "சரி தம்பி, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அந்தச் "சரி" எனக்குப் பிடிக்கவில்லை.

ஏரிக்குக் கிழக்கே போக வேண்டும். அவள் மேற்கே குதிரையைத் திருப்பினாள். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். நான் கடிவாளத்தைப் பார்த்தேன்.

போய்ச் சேர்ந்தது ஒரு குட்டை. கரையெல்லாம் சேறு, கொசு, நடுவில் இரண்டு வாத்து. மரைக்கே ஒரு பறவையை முதலில் கண்டு, அதன் பெயர் சொல்லி விரலை நீட்டினாள். வில்லெம் தொலைநோக்கியில் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டி, வேறு ஏதோ பெயர் சொன்னார். அவள் விரலை மடக்கிக்கொண்டாள். பிறகு அவர் ஓர் ஊசியிலை மரத்தின் அடியில் மண்டியிட்டு, தரையிலிருந்து ஏதோ உருண்டையை எடுத்து, தாளில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார். லுவ்சான் கையில் இருந்த சிறிய கருவியின் பொத்தானை அழுத்தினான். அது 'பீப்' என்றது.

யஞ்சிமா குதிரையின் வயிற்றுப் பட்டையைச் சரி செய்வதுபோல நின்று இரண்டையும் பார்த்தாள்.

திரும்பி வந்து எல்லோரும் சூப்புக் கிண்ணத்தோடு உட்கார்ந்ததும், அவள் உட்காராமல் நின்றாள்.

"தம்பி, அந்த நெட்டையன் சட்டைப்பையில இருக்கறதை எடுத்து வைக்கச் சொல்லு."

லுவ்சானுக்குக் காது சிவந்துவிட்டது. "அக்கா, விருந்தாளிகிட்ட அப்படிக் கேக்கலாமா?"

"முன்னாடி வந்தவங்ககிட்ட நான் கேக்கல. கேட்டிருந்தா எங்க வீட்டுக்காரரோட அண்ணன் குடும்பம் இன்னிக்குப் பக்கத்துல இருந்திருக்கும். மண்ணை எடுத்தாரா, கல்லை எடுத்தாரா? சொல்லச் சொல்லு."

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். வில்லெமுக்குக் கோபம் வரும் என்று நான் பயந்தேன். அவர் முகமோ மலர்ந்தது. தாளைப் பிரித்து, சாம்பல் நிற உருண்டையைத் தட்டின்மேல் வைத்து, குச்சியால் பிரித்தார். மயிர், சின்னச் சின்ன எலும்பு, கடைசியில் விரல் நகம் அளவுக்கு ஒரு எலி மண்டை, பல்லோடு.

"ஆந்தை தின்னுட்டு, செரிக்காததைக் கக்கினது" என்றான் லுவ்சான்.

யஞ்சிமா மண்டையைப் பார்த்தாள். வில்லெமைப் பார்த்தாள். "அவங்க ஊர்ல எலி இல்லையாமா?"

நான் சிரித்துவிட்டேன். அவளுக்கும் உதடு துடித்தது. ஆனால் விடவில்லை.

"பைத்தியக்காரனுக்கும் அளக்கத் தெரியும். சரி, அது போகட்டும். நீ ஒண்ணு அமுக்கினியே, அது என்ன?"

"பறவை எங்க இருக்குன்னு இடத்தைக் குறிச்சுக்கும்."

"குறிச்சு?"

"ஆபீசுக்குக் குடுப்பேன். அவங்க வரைபடத்துல போடுவாங்க. அப்பத்தான் அடுத்த தடவை வர்றவங்களுக்கு…"

"வரைபடத்தை யாரெல்லாம் பாக்கலாம்?"

லுவ்சான் பொய் சொல்லத் தெரியாதவன். "யார் வேணா பாக்கலாம்க்கா."

யஞ்சிமா அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினாள்.

"பாத்தியாடி?" என்று என்னிடம் சொன்னாள். "நான் நெட்டையனையே பாத்துட்டு இருந்தேன். திருடன் நம்ம பையன்."

"அக்கா! நான் அந்த மாதிரி ஆளா?"

"நீ நல்லவன். நீ போட்ட தடத்துல பின்னாடி யார் வருவாங்கன்னு உனக்குத் தெரியுமா? வண்டி போற வழி இருந்தா வண்டி வரும்."

அப்போது லுவ்சான், வந்தது அந்தக் கொக்குக்காகத்தான், அவள் காட்டிய குட்டை அந்த ஏரி இல்லை என்று தனக்கும் தெரியும் என்று கசப்போடு சொன்னான். அவனும் அப்படி ஒன்றும் ஏமாளி இல்லை. யஞ்சிமா வெட்கப்படவில்லை. நேராகவே ஒரு நிபந்தனை சொன்னாள். மூன்று கால் கருவி, புகைப்படக் கருவி, தொலைபேசி, அந்தப் 'பீப்' எல்லாவற்றையும் அவளுடைய மரப்பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். காலையில் ஏரியைக் காட்டுவாள்.

இப்போது சந்தேகப்படுவது வில்லெமின் முறை. லுவ்சானின் காதில் என்னவோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்றாள் யஞ்சிமா.

லுவ்சான் மாவுத் துண்டைக் கடித்தான்.

"என்ன சொல்றாருன்னு கேட்டேன்."

"வந்து… அத்தனையும் விலை உசந்த சாமான். எல்லாரும் ஏரிக்குப் போயிட்டா இங்க யாரு காவல்னு கேக்கறார்."

கூடாரத்தில் பூட்டு என்று இருந்ததே அந்த ஒரு பெட்டிக்குத்தான். கதவுக்குப் பூட்டு கிடையாது. கொம்போ காணாமல் போன குதிரைகளைத் தேடிப் போயிருந்தார். யஞ்சிமாவை யாரும் திருடி என்று நினைத்ததில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். ஆனால் அவள் முதல்முறையாக வில்லெமை மரியாதையோடு பார்த்தாள்.

"சரியாத்தான் கேக்கறார். அப்ப அவரே காவல் இருக்கட்டும்."

"அப்ப நான் அவங்களைக் கூட்டிட்டு…" என்றான் லுவ்சான்.

"நீ வேண்டாம் தம்பி. உன் கண்ணே ஒரு 'பீப்'."

"வழிகாட்டி நான்க்கா!"

"காட்டு. வேற எங்கயாவது."

குட்டையைப் பார்த்தபின் ஏரியிலும் ஒன்றும் இருக்காது என்று சொல்லி, வில்லெம் காவலுக்குச் சம்மதித்தார். விடிந்ததும் நாங்கள் மூன்று பெண்கள் கிளம்பினோம். மரைக்கேயின் கழுத்தில் தொங்கிய பைனாகுலரை யஞ்சிமா அனுமதித்தாள். அதற்கு முன் அதைத் தானே கண்ணில் வைத்து என்னைப் பார்த்து, "உன் மூக்கு இத்தனை பெரிசாடி?" என்றாள். அது 'பீப்' என்று சொல்லவில்லை என்பதை உறுதி செய்துகொண்டுதான் திருப்பிக் கொடுத்தாள்.

சதுப்பின் ஓரத்தில் குதிரைகளைக் கட்டி, பாசிமேல் நடந்தோம். ஏரி மரங்களுக்கு நடுவே சின்னதாக, கறுப்பாகக் கிடந்தது. கொக்கு எதிர்க்கரையில் இருந்தது. அதன் காலடியில் துரு நிறத்தில் ஒரு குஞ்சு, பாசியில் விழுந்து விழுந்து எழுந்து நடந்தது. தாய் ஏதோ பொறுக்கி அதன் வாயருகே நீட்டியது. மரைக்கே பைனாகுலரை உயர்த்தினாள், கொஞ்ச நேரத்தில் இறக்கிவிட்டாள். ஈரத்தில் அப்படியே உட்கார்ந்தாள். கன்னத்தில் கொசுக்கள் அடையாக உட்கார்ந்தன. அவள் கை அசையவில்லை.

யஞ்சிமா கொக்கைப் பார்க்கவே இல்லை. அவளுடைய பார்வை மரைக்கேயின் கைகளிலேயே இருந்தது.

"கொசுவை அடிக்கக்கூட மாட்டேங்கறா" என்று கிசுகிசுத்தாள். "மனசுக்குள்ளயே அளக்கறாளோ?"

"அக்கா, வாயை மூடுங்க."

நாங்கள் திரும்பியபோது வில்லெம் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். லுவ்சான் வாசலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தான். நாய் இருவரையும் காவல் காத்தது. வில்லெம் எழுந்து மரைக்கேயிடம் ஒரே சொல்லில் ஏதோ கேட்டார். அவள் தொப்பியைக் கழற்றி, முடியை ஒதுக்கி, அமைதியாக இரண்டு சொல் சொல்லித் தலையை ஆட்டினாள். அவர் கைகளை விரித்துச் சிரித்தார், நான் அப்போதே சொன்னேனே என்பதுபோல.

"என்ன சொன்னா?" என்று யஞ்சிமா லுவ்சானைக் கேட்டாள்.

லுவ்சான் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். "வெறும் தண்ணிதான், ஒண்ணுமே இல்லன்னு சொல்றாங்க."

மரைக்கே என்னைப் பார்க்கவில்லை. முழங்காலில் ஒட்டியிருந்த பாசியை ஒவ்வொரு இழையாக எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் எதற்காக அப்படிச் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யஞ்சிமாவுக்காகவா, கொக்குக்காகவா, அல்லது தான் முதலில் கண்டதை ஒரு தடவையாவது அவர் தலையை ஆட்டி மாற்றாமல் இருக்கட்டும் என்றா.

நான் சந்தோஷப்பட்டேன். "பாத்தீங்களா, அக்கா? நம்ம பக்கம் நின்னுட்டாங்க" என்றேன்.

யஞ்சிமா பெட்டியைத் திறந்து, சாமான்களை ஒவ்வொன்றாக வில்லெமின் கையில் வைத்தாள்.

"கட்டின புருசன்கிட்டயே கண்ணு இமைக்காமப் பொய் சொல்றா. நாளைக்கு நம்மளப் பத்தி என்ன சொல்லுவாளோ" என்றாள்.

லுவ்சான் ஆபீசுக்கு என்ன குறித்துக் கொடுப்பது என்று முணுமுணுத்தபோது, "அந்தக் குட்டையைக் குடு. அது என் மாமியார் பக்கத்து எடம். வந்து கடி வாங்கிட்டுப் போகட்டும்" என்று சொல்லி, வழிக்குத் தயிர்க்கட்டி ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தாள். மரைக்கேயின் கையில் மட்டும் தனியாக ஒரு துணியில் பாலேடு. கொடுக்கும்போது அவள் கண்ணையே உற்றுப் பார்த்தாள். மரைக்கேயும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

வேன் கிளம்பியது. நான் பின் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். யஞ்சிமா பால் வாளியோடு வெளியே வந்து, எங்கள் பயணம் நல்லபடி முடிய அகப்பையால் பாலை அள்ளி எங்கள் பக்கம் தெளித்தாள். முறையாக, நிதானமாகத் தெளித்தாள். வாளியைக் கீழே வைத்தாள். பிறகு கோலை எடுத்துக்கொண்டு யாக்குகளை எழுப்பி, எங்கள் சக்கரத் தடத்தின்மேல் இப்படியும் அப்படியுமாக ஓட்டத் தொடங்கினாள்.